ஏணிக்கு இரண்டு முடிச்சு

கண்டியில் பகல் இரண்டு மணிக்கு ஹந்தானை மலைப் பக்கம் கறுத்தால் மூன்று மணிக்கு மழை. ஒரு நாள் அந்த இரண்டு மணிக்கு நான் ஒரு வீட்டின் கொங்கிறீட் ஸ்லாப்பின் மேல் நின்றேன். கீழே இறங்க ஏணி இல்லை.

நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் இலை அள்ளும் வேலையை எனக்குப் பழக்கிய பாஸ், "ஏணிய மேல கட்டாம பீலியில கை வைக்காத" என்று தினமும் சொல்வார். அது மறக்கவில்லை. ஆனால் எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வெட்கம்.

அது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீடு. ஸ்லாப்பைச் சுற்றி இருந்த கம்பிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் கயிற்றை எடுத்ததுமே டீச்சர் சொன்னார்:

"தம்பி, கம்பியில கட்டிறாதீங்க. பெயின்ட் போயிரும்."

வேறு எங்கே கட்டலாம் என்று கேட்டிருக்க வேண்டும். "சரிங்க டீச்சர்" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஸ்லாப்பின் பின்மூலையில் உட்கார்ந்து, கையுறை போட்டு, பீலியில் ஊறிக் கிடந்த பலா இலைகளை வாளியில் அள்ளினேன். பூரான் இருக்கும், தகரம் வெட்டும், வெறுங்கை கூடாது. அரை மணி நேரம் சத்தமே இல்லாமல் வேலை செய்தேன். அதுதான் வினையாகிவிட்டது.

கீழே டீச்சரின் கணவர் பேசுவது கேட்டது.

"என்ன, ஆளையே காணோம்? சொல்லாம போயிட்டான் போல."

"ஏணிய விட்டுட்டா போவாரு?"

"விட்டுட்டுப் போனது நல்லதாப் போச்சு. அந்தப் பலாக்காய இன்னைக்கே பறிச்சிருவோம்."

நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஏணி தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. ஐயா காயோடு திரும்பி வந்தார், ஏணி மரத்திலேயே நின்றது. டீச்சர் கையில் ஒரு டீ.

"அவருக்கு ஊத்துனது. ஆறிப்போகுது, நீங்களே குடிங்க."

என் டீயை அவர் ரசித்துக் குடிப்பதை மேலிருந்து பார்த்தேன். மெதுவாகப் பீலியைத் தட்டினேன்.

"சனியன் புடிச்ச குரங்கு!" என்று ஐயா ஒரு கல்லை விட்டார். அது என் வாளியில் பட்டு 'டங்' என்றது. நல்ல குறி. தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் துளி விழுந்தது. தூரத்தில் இடியும் கேட்டது. பன்னிரண்டு அடி உயரம். குதித்தால் கால் போகும், நின்றால் மின்னல். அப்போதுதான் பீலியிலிருந்து கீழே இறங்கும் குழாயைப் பார்த்தேன். அதன் கீழ்வாய்க்குப் பக்கத்தில் ஐயா கால் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் அடைத்திருந்தது. வாளியோடு கொண்டுவந்திருந்த கம்பால் ஓங்கிக் குத்தினேன். அழுகின இலையெல்லாம் ஒரு கட்டியாகப் போய், கழுவின காலில் விழுந்தது. எனக்குள் கொஞ்சம் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. வாயைக் குழாயில் வைத்தேன். குழாயின் முகத்தைப் பார்த்துப் பேச வெட்கமில்லை.

"ஐயா, நான் குரங்கு இல்லைங்க."

கீழே கோப்பை உடைந்தது.

"யார்ரா அது?"

"பீலி கழுவ வந்தவனுங்க. ஏணி வேணுங்க."

"அடப்பாவி, இவ்வளவு நேரமும் மேலயா இருந்த? வாயத் தொறந்து கத்துனா என்னய்யா?"

"பழக்கமில்லைங்க."

மழை பிடிக்கும்போது நான் அடுப்படியில் புது டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயா இன்னொரு தடவை கால் கழுவினார்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறேன். கம்பியில் கட்டக் கயிற்றை டீச்சரே எடுத்துத் தருகிறார். நான் ஏறியதும் ஐயா கதிரையைக் குழாய்ப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மேல இருக்கியா?" என்று குழாய்க்குள் கேட்கிறார். "இருக்கேனுங்க" என்கிறேன். பிறகு ஊர்க்கதை. நேரில் நாங்கள் அவ்வளவு பேசுவதில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஏணியை மேலே கட்டுங்கள். நழுவாமல் இருக்க ஒரு முடிச்சு. வீட்டுக்காரர் கொண்டுபோகாமல் இருக்க இன்னொன்று.