மாப்பிள்ளையின் தாய்க்குப் போட்ட கதிரை

நீர்வேலி இராசமலருக்குப் புதுச் சாமான் எதுவுமே பிடித்ததில்லை. கனடாவிலிருந்து மகன் சுபாஸ்கரன் அனுப்பிய மிக்சியில் சம்பல் களியாகிறது என்பாள். கால் பிடித்துவிடும் மெசின் எலும்பைத்தான் பிடிக்கிறது என்பாள். அவன் கலியாணத்துக்குப் போக அவளுக்கு விசா கிடைக்காதபோது, வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று, தலையில் மாட்டினால் அங்கே நடப்பது கண்முன்னே தெரியும் ஒரு வீஆர் கண்ணாடி வந்து சேர்ந்தது.

"நெத்தியை நெரிக்குது. மூக்கிலை அம்மிக்கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு," என்றாள். பட்டியும் கொண்டைக்கு மேலால் இறங்கவில்லை.

"கொண்டையை அவிழுங்கோவன் மச்சாள்," என்றாள் தம்பி மனைவி குணலட்சுமி.

"தாலி கட்டுற நேரம் தலையை விரிச்சுக்கொண்டு இருக்க, இதென்ன செத்தவீடே?"

கொண்டையோடு சேர்த்தே இறுக்கினார்கள். கண்ணாடிக்குள் மண்டபம் விரிந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கென்று மணவறைக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில்தான் அங்கே கமராவை வைத்திருந்தார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் மகன் இருந்தான். இராசமலர் வலியை மறந்து, ஆசீர்வதிக்கப் பக்கத்தில் வைத்திருந்த அறுகரிசியை அள்ளிக்கொண்டாள்.

"அண்ணை, உந்தக் கமரா படத்துக்குள்ளை வருது," என்று படம்பிடிப்பவனின் குரல் கேட்டது.

"கதிரைக்குக் கீழை வையும்," என்றான் சுபாஸ்கரன். "அம்மாவுக்கு உதெல்லாம் எங்கை விளங்கப்போகுது?"

அதன்பிறகு அவள் கண்டது கதிரைக் கால்களையும் கம்பளத்தையும்தான். கெட்டிமேளம் முழங்கியது. அவள் அறுகரிசியை முன்னால் எறிந்தாள்; அது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பட்டுச் சிதறியது.

குணலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "பிறிஜ்ஜுக்கே மச்சாள் ஆசீர்வாதம்? சரி, தாலி ஏறீட்டுதே?"

"ஓம்," என்றாள் இராசமலர், கண்ணாடியைக் கழற்றாமலே. "என்ரை பிள்ளை வடிவாக் கட்டினவன்."