வாஷர் அண்ணனின் பை சார்ட்

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி டைரக்டர் வாயால் சொன்னதை நான் சுற்றறிக்கையாக டைப்பில் தட்டினேன்: "ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தமது பட்ஜெட்டைப் பை சார்ட்டாகக் கொண்டுவர வேண்டும்." வட்டம் போட்டு, செலவுக்குத் தக்கபடி துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் படமாம் அது. இங்கிலீஷில் பை என்றால் என்னவோ, தமிழில் பை என்றால் பைதானே! அது என் மரமண்டைக்கு அன்று உறைக்கவில்லை.

எக்ஸ்ரே பிரிவுக்குப் புரிந்தது, சலவைப் பிரிவுக்கும் புரிந்தது. குழாய்ப் பிரிவின் தலைவர் மட்டும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பழைய ஜன்னல் திரைகளைக் கொடுத்துப் பை தைக்கச் சொல்லிவிட்டார்.

அவரை நாங்கள் வாஷர் அண்ணன் என்போம். ஆறு மாடி, நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள், முப்பத்தோரு வருட வேலை. கழற்றிய பழைய பித்தளை வாஷரை எறிய மனம் வராமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். நடந்தால் ஜல் ஜல் என்று சத்தம் வரும். "கொலுசு வருது" என்று நர்ஸ்கள் சிரிப்பார்கள். இத்தனைக்கும் அவர் வீட்டுக் குழாய் மூன்று வருடமாக ஒழுகுகிறது. கேட்டால், "வீட்டுல யாரு புகார் எழுதிக் குடுத்தா?" என்பார்.

அந்தப் பிரிவில் அவரைத் தவிர இருப்பது ஒல்லி ஒருவன்தான். மூன்று பெண்களுக்கு அப்பன், பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன். சுவருக்குள் குழாய் போகும் சந்தில் நுழையக்கூடிய உடம்பு இந்த ஆஸ்பத்திரியிலேயே அவனுடையதுதான். இந்த வருடம் எல்லாப் பிரிவிலும் பத்து சதவீதம் வெட்டு என்று பேச்சு. தற்காலிக ஊழியனுக்கு முழுச் சம்பளம் ஒதுக்க முடியாவிட்டால் அந்த வேலையே ரத்து, அதுதான் விதி. பத்து சதவீதம் போனால் ஒல்லி முழுசாகப் போவான்.

கூட்டத்தன்று எக்ஸ்ரேக்காரர் திரையில் கலர் கலராக வட்டம் சுற்றவிட்டார். டைரக்டருக்குக் கண் சொக்கியது. அடுத்து கதவு திறந்தது. ஒல்லி நான்கு பைகளை இழுத்துவந்து போட்டுவிட்டு, மூன்றாம் மாடியில் ஏதோ பீறிடுகிறது என்று ஓடிவிட்டான்.

"என்னங்க இது?" என்றார் டைரக்டர், பின்னாலேயே வந்த வாஷர் அண்ணனிடம்.

"பை சார்ட் சார். எவ்வளவு செலவோ அவ்வளவு எடை. உள்ள எல்லாம் பழைய வாஷர். பெரிசு, ஒழுகி வீணாப்போற தண்ணிக்கு நாம கட்டுற காசு. இது புதுக் குழாய், இது என் சம்பளம்." நான்கில் சின்னதாக இருந்த கடைசிப் பையை ஒற்றைக் கையால் தூக்கினார். "இது ஒல்லியோடது."

குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நான் நோட்டின் மேல் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நிதி அதிகாரிக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எடைன்னு வாயால சொன்னா ஆச்சா? ஆதாரம் வேணும்" என்றார். பிள்ளைப்பேறு வார்டிலிருந்து குழந்தை நிறுக்கும் தராசு வந்தது, கூடவே ஒரு நர்ஸும் வந்தார். ஒல்லியின் பையைக் கிடத்தி, "மூணு கிலோ இருநூறு. நல்ல எடை" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சரி, பத்து சதவீதம் குறைக்கணும். முந்நூத்தி இருபது கிராம்" என்று கத்தரி பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மேஜையில் போட்டார்.

வாஷர் அண்ணன் தராசருகே வந்தார். சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பைக்குள் போட்டார்.

கத்தரி மறுபடி அள்ளினார். அண்ணன் பேண்ட் பாக்கெட்டைக் கவிழ்த்தார். இவர் அள்ள, அவர் போட. மேஜையில் குவியல் ஏறியதே தவிரத் தராசு முள் அசையவில்லை.

"நான் குறைச்சுக்கிட்டே இருக்கேன், குறைய மாட்டேங்குதே!"

"நீங்க குறைக்கிறீங்க சார். நான் குறையவிடல."

"அந்த அதிகப்படி எங்கேருந்து வருது?"

"என் பாக்கெட்லேருந்து."

கத்தரியின் முகம் மலர்ந்தது. ஒரு வழி கிடைத்துவிட்டால் அவரைப்போல் நல்லவர் உலகத்தில் கிடையாது. "அப்படின்னா அந்த முந்நூத்தி இருபது கிராமுக்கு உண்டான காச மாசாமாசம் உங்க சம்பளத்துல பிடிச்சுக்கலாமே?"

வேண்டாம் அண்ணே என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் தன் சம்பளப் பையை எடுத்துக் கத்தரியின் முன்னால் நகர்த்தினார். "பிடிச்சுக்குங்க. அவன் பையில கை வைக்காதீங்க."

டைரக்டர், "ரொம்பத் தெளிவான விளக்கம். அடுத்த வருஷம் எல்லாப் பிரிவும் இப்படியே கொண்டு வரணும்" என்றார். எக்ஸ்ரேக்காரர் பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்ண்ணே, உங்களுக்கென்ன கொட்டியா கிடக்கு?"

"அவன்கிட்ட மூச்சு விட்டே, உன் ரூம் குழாய மூடிட்டுப் போயிடுவேன்" என்றார். பாக்கெட் காலி, சத்தமில்லாமல் நடந்து போனார்.

இப்போது மாதாமாதம் அவர் சம்பளச் சீட்டில், பிடித்தம் என்ற தலைப்பின் கீழ், 'பை' என்று ஒரு வரியை நான்தான் தட்டுகிறேன்.

போன வாரம் ஒல்லி என் அறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வந்தான். "டைரக்டர் தங்கமான மனுசன்க்கா, என் வேலைய விட்டுவெச்சுட்டாரு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா நம்ம வாஷர் அண்ணனுக்குத்தான் என்ன வந்துச்சுன்னு தெரியல. வரவர சரியான கஞ்சனாயிட்டாரு. முன்னெல்லாம் தினமும் டீ வாங்கித் தருவாரு. இப்ப நான்தான் அவருக்கும் சேத்து வாங்குறேன்."

குழாயைப் பார்த்தேன்.

"வாங்கிக் குடுடா" என்றேன்.