போயிட்டு வா, ராசா

எங்கள் வீட்டில் மழையைத் திட்டக் கூடாது. என் மாமியார் போட்ட சட்டம் அது. திட்டுவது இருக்கட்டும், வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு "மழை வந்துருமோ?" என்று கேட்டாலே போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் மதுரை டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் மழை என்றால் சாக்கடை பொங்கி வாசலுக்கு வரும், கொடியில் கிடக்கும் துணி நாறும், செருப்பு வார் அறுந்து கையோடு வரும். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவோம். மழையும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கல்யாணமாகிப் போன புதிதில் ஒரு நாள் பழக்கதோஷத்தில் "சனியன் புடிச்ச மழை" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "ஏத்தா, வாயக் கழுவு. அது காதுல விழுந்துச்சுன்னா நம்ம பக்கம் தலை வச்சுப் படுக்காது" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி நிலம் அவர்களுக்கு. பெய்தால் சோறு, பெய்யாவிட்டால் கடன் என்று வாழ்ந்த குடும்பம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. யாரையும் "போ" என்று சொல்லக் கூடாது. கிளம்புகிறவர்கள் "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும், வழியனுப்புகிறவர்கள் "போயிட்டு வா" என்றுதான் சொல்ல வேண்டும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் என் மாமியார் அடுப்படிக்குள் வந்த பூனையைக்கூட "அங்குட்டுப் போயிட்டு வா" என்றுதான் விரட்டுவார். பூனையும் சொன்ன சொல் தட்டாமல் போய்விட்டு வரும். பால் சட்டியைக் காவல் காப்பது என் வேலையாகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடையில் வீடு கட்ட ஆரம்பித்தோம். சுற்றிலும் வயல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புது வீடுகள், எதிரே யானைமலை. சுவர் எழும்பி நின்றுவிட்டது. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மேலே கான்கிரீட் தளம் போடுவதற்கு எல்லாம் தயார். அந்தக் காலத்தில் சிமெண்ட் கடையில் போய் வாங்கிவிட முடியாது. தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து பெர்மிட் வாங்கினால்தான் மூட்டை கண்ணில் படும். என் வீட்டுக்காரர் அப்படி நடந்து செருப்பைத் தேய்த்து வாங்கிய சிமெண்ட், மனையின் ஓரத்தில் ஓலைக் கொட்டகைக்குள் அடுக்கி இருந்தது.

அது மாசி மாதம். மாசியில் மதுரை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் கொஞ்சம் பனி, பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வருஷம் மாசிக்கு என்ன வந்ததோ, காலையில் எழுந்தால் சிலுசிலுவென்று காற்று. சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடும். திடீரென்று நாலு தூறல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிற்கும், மறுபடி மேகம் கூடும். யானைமலையின் தலை ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் காணாமல் போகும். வேறு வருஷமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சிக்கு நான் கும்பிடு போட்டிருப்பேன். அந்த வருஷம் சிமெண்ட் மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளம் போடும்போது மழை பெய்தால் சிமெண்ட் பால் முழுக்க ஓடிவிடும். மழைக்குப் பயந்து தள்ளிப் போட்டால், ஈரக் காற்றில் மூட்டைக்குள்ளேயே சிமெண்ட் கட்டி தட்டிப் போகும். போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாலோ அதைவிட மோசம். கொத்தனார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பாதியில நிப்பாட்டுனா ஒட்டுப் போட்ட மாதிரி ஆயிரும்க்கா. அந்த எடத்துல ஆயுசுக்கும் ஒழுகும்."

எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு பகல், தூறல் இல்லாத பகல். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

இதில் இன்னொரு சிக்கல். ஊரில் என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, கிணற்றை நம்பி மாசிப் பட்டத்து எள்ளு விதைத்திருந்தான். கிணறு கைவிட்டுவிட்டது. ஒரே ஒரு நனைப்புக் கிடைத்தால் எள்ளு பிழைக்கும். அதனால் மாமியார் காலையில் எழுந்ததும் மேற்கே, ஊர்ப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார், நான் கிழக்கே, மனை இருக்கும் பக்கம் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்க்காமல் சவரம் செய்துகொள்வார்.

சாயங்காலம் ரேடியோவில் வானிலை சொல்லும் நேரத்துக்கு மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும், அடுத்த இரண்டு நாட்களுக்கும் இதே நிலை நீடிக்கும் என்பார்கள். தினமும் அதே பாட்டு. எனக்கு எரிச்சலாக வரும். எந்த இரண்டு இடம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன? மாமியாருக்கோ அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஓரிரு இடம்னா ஒன்னு நம்ம ஊரு."

"இன்னொன்னு அத்தை?" என்பேன், வேண்டுமென்றே.

"அது எங்குட்டாச்சும் இருந்துட்டுப் போகட்டும். கொட்டாம்பட்டிப் பக்கம் சனம் பாவம், அங்ஙன பெய்யட்டும்."

ஒத்தக்கடை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் மழையை அத்தனை ஊருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒத்தக்கடையை மட்டும் மறந்த மாதிரி நடிப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவருக்கும் புது வீட்டின் மேல் கொள்ளை ஆசை. ஒழுகாத கூரைக்குக் கீழே ஒரு நாளும் படுத்ததில்லை என்று கொத்தனாரிடம் ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை வானம் கொஞ்சம் வெளிறியது. கொத்தனார் அண்ணாந்து பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், "போட்ருவோம்ணே, இதுக்கு மேல வச்சிருந்தா சிமெண்ட வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். முதல் சட்டிக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தோம். சித்தாள் பெண்கள் சாரத்தில் வரிசையாக ஏறி நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். ஒருத்தி ஏதோ கேலி பேச, மற்றவர்கள் சிரிக்க, கலவை மேலே போய்க்கொண்டே இருந்தது. தளம் முடிந்ததும் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். நான் கல் அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டு ஒரு கண்ணை யானைமலை மேலேயே வைத்திருந்தேன்.

பாதித் தளம் முடிந்திருக்கும். மலையின் தலை காணாமல் போனது. ஜில்லென்று ஒரு காற்று வந்து அடுப்புப் புகையை என் முகத்தில் அறைந்தது. புறங்கையில் ஒரு சொட்டு. அடுத்தது கரண்டியில். அடுப்பை விட்டு எழுந்தேன்.

மேலே கொத்தனார் கத்தினார். "சாக்கக் கொண்டாங்க! ஏ, கலவைய மூடு, கலவைய மூடு!" கேலிப் பேச்செல்லாம் நின்றது. வீட்டுக்காரர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். தூறல் கனத்தது. ஆயுசுக்கும் ஒழுகும், ஆயுசுக்கும் ஒழுகும் என்று எனக்குள் அதே வார்த்தை ஓடியது. வாய்விட்டு மழையைத் திட்டத் திரும்பினேன். மாமியார் எனக்கு முன்னால் மனையின் நடுவில் போய் நின்றிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகி, முகத்தை அண்ணாந்து, கண்ணில் தூறல் விழ விழ மழையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"வா ராசா. வந்ததுக்குச் சந்தோசம். இப்ப கொஞ்சம் கை வேலையா இருக்கோம். போயிட்டு வா. கோவிச்சுக்காம போயிட்டு வா ராசா."

வந்த விருந்தாளியிடம் பேசுவது போல அத்தனை மரியாதை. சித்தாள் பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

தூறல் நின்றது. தானாக நிற்க வேண்டியதுதான் நின்றிருக்கும், இத்தனை நாளும் அப்படித்தானே வந்து வந்து நின்றது என்று இப்போது சொல்வேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. நான் ஓடிப் போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், குழம்புக் கரண்டியோடு. "அட விடு புள்ள, சீலையெல்லாம் கொழம்பு" என்றார். பொழுது சாயுமுன் தளம் முழுவதும் முடிந்தது. ஆட்கள் கை கழுவி உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை திரும்பி வந்தது. பூனை மாதிரியே, சொன்ன சொல் தட்டாமல். வைக்கோலையும் சாக்கையும் பரப்பிவிட்டுச் சாமி மேல் பாரத்தைப் போட்டோம். விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால், தளம் கல் மாதிரி இறுகி இருந்தது. கொத்தனாருக்கு வாயெல்லாம் பல். "நான் ஊத்த வேண்டிய தண்ணிய அதுவே ஊத்திருச்சு பெரியம்மா" என்றார். தளம் வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் நிறுத்த வேண்டும் அல்லவா, அதற்குத் தளத்தின் மேலேயே களிமண்ணால் சின்னச் சின்ன வரப்பு வைத்துப் பாத்தி கட்டினார். கட்டி முடிக்கவும் இன்னொரு மழை வந்து பாத்தியெல்லாம் நிரப்பிவிட்டுப் போனது.

மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. சாரத்தில் ஏறி மேலே வந்தார். வரப்பும் பாத்தியும் தண்ணீருமாகக் கிடந்ததைப் பார்த்து, "ஏத்தா, வயக்காட்டையில்ல தூக்கி மேல வச்சிருக்காய்ங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி காலை நனைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கொழுந்தன் ஊரிலிருந்து வந்தான், தளம் பார்க்க. மேலே ஏறி வந்தவனை அவர் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். பார்வை அவன் காலில் நின்றது. முழங்கால் வரை வெள்ளையாகப் புழுதி.

"அங்ஙன பெய்யலையா?"

"ஒரு பொட்டு இல்ல ஆத்தா. டவுனு தாண்டுற வரைக்கும் ரோட்டுல ஈரமே இல்ல. இங்ஙன வந்தாத்தான் இப்படிக் கெடக்கு."

"எள்ளு?"

"தலை தொங்கிருச்சு. இன்னிக்கு நாளைக்குள்ள பெஞ்சாப் பொழைக்கும்."

அவர் குனிந்து பாத்தித் தண்ணீரைக் கையால் அளைந்தார். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"போயிட்டு வான்னு சொன்னேன் புள்ள. எங்க போயிட்டு வரணும்னு சொல்லாம விட்டுட்டேன் பாரு."

என் கூரைக்காகத்தான் அந்த மனுஷி மழையிடம் போய் நின்றார். மலைக்கு மேலே மறுபடியும் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, தளத்தின் நடுவில் நின்று கையை மேற்கே நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"போ! அங்குட்டுப் போ! மேக்கே போ! இங்க திரும்பி வராத, அங்கேயே கெட!"

கொத்தனார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் சொல்லவே கூடாத அத்தனை வார்த்தையையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன். மாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்து, மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எம் மருமக சொல்றதக் கேளு, ராசா."