நோவாளிக்கு முன்சீட்டு

அந்த நீலத் தார்ப்பாய்க்கு ஒரு வாசனை உண்டு. மழைத் தண்ணீர், டீசல், ஈரத் தலைமுடி, யாரோ மடியில் வைத்திருக்கும் கருவாட்டுக் கூடை எல்லாம் கலந்த வாசனை. மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஐப்பசி மழையில் ஷேர் ஆட்டோவில் போய்வந்தவர்களுக்கு அது தெரியும். தூறல் விழுந்ததும் டிரைவர் அண்ணாத்த வண்டியை ஓரங்கட்டி, இரண்டு பக்கமும் பாயை இறக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் அவருக்கு மானக்கேடு.

மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் விரிப்புகள் துவைக்கிற வேலை எனக்கு. காலையும் மாலையும் அவர் வண்டிதான். யாராவது தும்மினால் கண்ணாடியில் பார்த்து, "நல்லா தும்மிக்கோ, தும்மலுக்கு நான் காசு வாங்கறதில்ல" என்பார். வண்டியே சிரிக்கும். அந்த ரோட்டு டிரைவர்களிடம் ஒரு மரியாதை இருந்தது: நோவாளிக்கு முன்சீட்டு. பின்னால் ஆளை ஆள் நசுக்கும் என்பதால், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரைத் தன் சீட்டிலேயே பாதி கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள். அண்ணாத்த ஒருபடி மேலே போய், அவர்கள் விழுந்துவிடாமல் கையை இழுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு மழை மாலையில் கல்பட்டறைக்காரர் ஒருவர் ஏறினார். கண் சிவந்து, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்றார். அண்ணாத்த தன் துண்டை அவருக்குப் போர்த்தி, பாயை இன்னும் இறுக்கிக் கட்டினார். செங்கல்பட்டு வரைக்கும் அந்த மனிதர் அண்ணாத்தையின் கழுத்தோரம் இருமிக்கொண்டே வந்தார். பாவம் என்று நினைத்தோமே தவிர, யாருக்கும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

ரெண்டொரு நாளில் அண்ணாத்த படுத்தார். அனலாய்க் காய்ச்சல், வறட்டு இருமல். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு வந்தும் அவர் மதிக்கவில்லை. காய்ச்சல் விட்டதும், முகம் வற்றிப்போய் மறுபடி வண்டி எடுத்தார். அதற்குள் வீட்டில் அண்ணியும் மகளும் படுத்துவிட்டார்கள். அதைச் சொன்ன நாளில் அவர் சிரிக்கவில்லை. "அந்தாள்கிட்டேர்ந்து எனக்கு, என்கிட்டேர்ந்து வூட்டுக்கு. நான்தான் ஏத்திகினு போயி எறக்கிக்கீறேன், தங்கச்சி."

அன்று மாலையும் மழை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டி தானாகவே வேகம் குறைந்து ஓரமாய் நின்றது. அவர் ஹேண்டில்மேல் கவிழ்ந்து, காற்றைக் கடித்து இழுப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. காலி ஆட்டோவில் பின்னால் வந்த டிரைவர் பதறி இறங்கி, வழக்கப்படி தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

"வாணாம் மச்சான். உனக்கும் ஒட்டிக்கும்" என்றார் அண்ணாத்த.

அந்த ஆட்டோவின் பின்சீட்டில் அவரைச் சாய்த்து நானும் கூட ஏறினேன். வண்டி கிளம்பியதும் கையை ஆட்டி ஏதோ கேட்டார். குனிந்தேன். "பாயத் தூக்கிவுடு." தூக்கிக் கட்டினேன். மழை எங்கள் இருவர்மேலும் அடித்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

அண்ணி எழுந்து வர முடியாததால் வார்டு வாசலில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இது வெறும் சளி இல்லை, இன்ஃப்ளூயன்சா. இருமும்போது பறக்கிற பொடித்துளிகள் காற்றோட்டத்தில் கலைந்துபோகும், அடைத்த இடத்தில் மிதந்துகொண்டே இருக்கும். உள்ளே போனதும் மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிடும். காய்ச்சல் விட்டாலும் அந்தப் புண் ஆறியிருக்காது. அந்த வழியாக வேறு கிருமி நுரையீரலில் இறங்கிச் சீழ் வைக்கும். அவருக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷா வருஷம் போடும் தடுப்பூசி இருக்கிறது என்றார். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் வண்டியில் யாருக்கும் தெரியாது.

அண்ணாத்த வீடு திரும்பவில்லை. அண்ணியும் மகளும் பிழைத்தார்கள்.

இப்போது வேறு வண்டி, வேறு டிரைவர். நேற்றும் மழை. பாய் இறங்கிக் கயிறு இறுகியது. முன்சீட்டில் ஒரு பெண் டிரைவரின் தோளில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். என் பையில் இருந்த மாஸ்க்கை நீட்டினேன், வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தேன். சாரல் மடியில் அடித்தது. பக்கத்தில் இருந்தவர், "இன்னாம்மா, எல்லாரும் நனையறோம் இல்ல?" என்று கடுகடுத்தார்.

நனையட்டும் என்று பாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். கை வலித்தது. செங்கல்பட்டு வரைக்கும் விடவில்லை.