ஜாடியில் ஒட்டிய காகிதம்

சுரங்கத் தொழிலாளிகள் வரிசை வீடுகளான எங்கள் லயினில் ஊறுகாய் கெட மழை வேண்டாம், சோதனைக்காரன் கை போதும். சுரங்கத்திலிருந்து யாராவது தங்கக் கல்லைத் திருடி வந்து ஒளித்திருக்கிறார்களா என்று பார்க்கக் காவல்காரர்கள் திடீரென்று வீடு புகுவார்கள். அரிசிப் பானையைக் கிளறுவார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறுவார்கள், மாங்காய் ஊறுகாய்ச் சட்டிக்குள் முழங்கை வரை விடுவார்கள். கை ஈரமா, அழுக்கா, யார் கேட்பது? அந்த வாரமே பூசணம் பூத்துவிடும். சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்கும் என் வீட்டுக்காரருக்கு அந்த ஊறுகாய்தான் கட்டுச்சோற்றுக்குத் துணை. அது கெட்டால் அடுத்த மாங்காய்க் காலம் வரை வெறும் சோறுதான். நாள் முழுக்கப் புலம்புவேன்.

கண்ணாடி ஜாடி இருந்தால் கையை விடாமலே அடிவரை பார்த்துவிட்டுப் போவார்கள் என்று தோன்றியது. ராபர்ட்சன்பேட்டைக் கடையில் விலை கேட்டேன். கேட்டதும், ஜாடியைத் தொட்டிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண், புருஷன் துரை பங்களாவில் சமையல்காரர். துரைசானி தூக்கிப் போடச் சொன்ன காலி ஜாம் ஜாடிகளில் இரண்டைக் கேட்டு வாங்கி வரும்படி புருஷனிடம் சொல்லி, ஒன்றை எனக்குக் கொடுத்தாள். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை மட்டும் எடுக்காதே என்றாள்.

நான் கேட்டால்தானே! அந்தக் காகிதத்தில் சிவப்பாக, புள்ளி புள்ளியாக ஏதோ படம். பார்த்தால் இறைச்சித் துண்டு மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர் எதைத் தின்பார்கள் என்று யார் கண்டது? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் காகிதத்தை ஒழித்துக் கட்டினேன். வெயிலில் காய வைத்து மாங்காயை நிரப்பினேன்.

அடுத்த சோதனையில் காவல்காரன் கையை விடவில்லை. ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"இது இன்னா ஜாடி? தங்கம் சோதிக்கற திராவக ரூம் ஜாடி மாதிரி கீது. உன் புருஷன் தூக்கினு வந்தானா?"

என் வாய் லயினுக்கே தெரிந்த வாய். அன்றைக்கு அதிலிருந்து 'இல்லைங்க, இல்லைங்க' மட்டும்தான் வந்தது. திருட்டு என்று எழுதிவிட்டால் வேலை போகும், குடியிருக்கும் வீடும் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவள், தன் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். என் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் துரைசானி கொடுத்தது, அடியில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் பங்களாவிலேயே கேளுங்கள் என்றாள். அவன் இரண்டையும் தூக்கி அடியைப் பார்த்தான். அவள் ஜாடியில் காகிதம் அப்படியே இருந்தது. இரண்டையும் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் அழுதேன். அவள் கொஞ்சம் கஞ்சிப் பசை கேட்டாள். தன் ஜாடியை நனைத்து, காகிதத்தைக் கிழியாமல் உரித்து, என் ஜாடியில் ஒட்டினாள்.

"எங்க வூட்டுக்காரர் ஷாஃப்டுல எறங்கறவரு இல்ல. எங்கள யாரும் கேக்க மாட்டாங்க. இது உனக்குத்தான் வேணும்க்கா."

அது இறைச்சி இல்லை, ஏதோ சீமைப் பழம் என்று அப்போதுதான் சொன்னாள். அந்தப் பழத்தை நான் இதுவரை தின்றதில்லை. ஆனாலும் மாங்காய்க் காலம் வந்தால், பசை தொட்டு அந்தக் காகிதத்தின் ஓரங்களை அழுத்திவிட்டுத்தான் மற்ற வேலை. ஊறுகாய் முதலில் போவது என் ஜாடிக்கு இல்லை, காகிதம் இல்லாத அவள் ஜாடிக்கு.