சாக்பீஸ் கோட்டுக்கு நான்கு விரல் கீழே

எங்கள் களிமண் பொம்மை யூனிட்டில் சூளைச் சுவரின்மேல் மேஸ்திரி சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறார். சூளையின் மேல்தட்டு இருக்கும் உயரம் அது. வலது கையைத் தூக்கி அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் நான் மறுபடியும் சூளைக்குள் சாமான் அடுக்கப் போகலாம். தொடாதவரை மேஜையில் உட்கார்ந்து, வெந்து வந்த பொம்மைகளையும் கப்புகளையும் சுண்டிப் பார்க்கிற வேலைதான். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். டொக்கென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம்.

இருபத்திரண்டு வருடம் சூளை அடுக்கினவன் நான். அது பேசத் தேவையில்லாத வேலை. மேஜையில் அப்படி இல்லை. ஆறு பெண்கள் இருக்கிறார்கள், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். என்னிடம் ஏதாவது கேட்டால் பதில் தேடுவதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

ஆடி மாதம் பொம்மை அடுக்கின பலகையோடு வழுக்கி விழுந்ததில் வலது தோளுக்குள்ளே சதை கிழிந்துவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். கையைத் தாங்க ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அதைப் பின்கழுத்தில் முடிச்சுப் போட வேண்டும், ஒற்றைக் கையால் முடியாது. எனக்கு வீட்டில் யாரும் இல்லை. தினமும் காலையில் டீக்கடையில் போய்க் குனிந்து நிற்பேன். கடைக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுவிடுவார். ஒரு நாளில் இன்னொருவர் கை என்மேல் படுவது அப்போது மட்டும்தான்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி எங்களை வேனில் எங்காவது கூட்டிப்போவது வழக்கம். இந்த வருடம் சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க். டாக்டர் இப்போது பட்டையைக் கூட்டத்துக்குள் போகும்போது மட்டும் கட்டச் சொல்லியிருந்தார். குலுங்குகிற எதிலும் ஏறாதே என்றும் சொல்லியிருந்தார். போக வேண்டாமென்றுதான் இருந்தேன். அந்த ஞாயிறு முழுக்க அறையில் தனியாக இருப்பதை நினைத்து ஏறிவிட்டேன்.

உள்ளே போனதுமே என்னை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பொம்மைக்குக் கண் எழுதுகிற அக்கா தன் பையை என் காலடியில் வைத்தார்.

"நீங்கதான் எதுலயும் ஏற மாட்டீங்களேண்ணே. செத்த இதப் பாத்துக்குங்க."

பிறகு எல்லோரும் வைத்தார்கள். சற்று நேரத்தில் என்னைச் சுற்றிப் பையாகவே இருந்தது. தூரத்தில் அலறல் கேட்கும்போதெல்லாம் அதில் எங்கள் ஆட்களின் குரல் எது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் நனைந்துபோய் வந்து எலுமிச்சம்பழச் சாதம் தின்றார்கள். தின்ற கையோடு ராட்டினம் ஏறிய ஒருவர் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்து பைகளின்மேல் தலைவைத்துப் படுத்தார். தான் பார்த்துக்கொள்வதாகவும் என்னைப் போய்ச் சுற்றிவிட்டு வரும்படியும் சொன்னார்.

முதலில் பெரிய ராட்டினத்தின் வரிசையில் நின்றேன். வாசலில் ஒரு பலகை இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏறக் கூடாது என்று கடைசி வரியில் இருந்தது. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கு அப்பால் கப்பு ராட்டினம் இருந்தது. ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிய டீ கப்புகள், ஒரு தட்டின்மேல் சுற்றுகின்றன. அங்கே பலகையில் குழந்தைப் படம் மட்டும்தான் போட்டிருந்தது. என் முறை வந்து கப்புக்குப் பக்கத்தில் போனதும், பழக்கத்தில் விரலால் சுண்டினேன். டொக்கென்றது. இன்னொரு இடத்தில் சுண்டினேன். அங்கேயும் டொக்கு. ராட்டினக்காரரைக் கூப்பிட்டேன்.

"சார், இதுல விரிசல் இருக்குது. யாரையும் ஏத்தாதீங்க."

அவர் கப்பைப் பார்த்தார், என் பட்டையைப் பார்த்தார். "இது பீங்கான் இல்ல, பைபரு. தட்டுனா அப்படித்தான் கேக்கும். ஏறுறீங்களா, இல்லியா?"

பின்னால் ஒரு குடும்பத்துக்காரர், "கப்பு கம்பெனி இன்ஸ்பெக்டரு வந்துருக்காரு, எல்லாம் ஒழுங்கா நில்லுங்க" என்றார். சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு பேர் உட்காருகிற கப்பில் நான் ஒருவன். நடுவில் ஒரு சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் கப்பு தனியாகவும் சுற்றும். இடது கையால் திருப்பினேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கப்பின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. யாரோ பிடித்து இழுத்து விளையாடுவது போல இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கப்பில் அந்தக் குடும்பம் கையைத் தூக்கிக் கத்தியது. நானும் இடது கையைத் தூக்கினேன். வலது கையும் பட்டையை விட்டு வெளியே வந்து கூடவே போயிருக்கிறது. நான் கவனித்தபோது அது காதுக்கு மேலே இருந்தது. வலிக்கவே இல்லை.

ராட்டினம் நின்றதும் எங்கள் ஆட்கள் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் தேடினேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மறுபடியும் வரிசையில் போய் நின்றேன். மொத்தம் நான்கு முறை ஏறினேன். நான்கு முறையும் கை மேலே போனது. கடைசி முறை ராட்டினக்காரர் தானே வந்து அதே கப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

வேனில் கண் எழுதுகிற அக்கா திரும்பிப் பார்த்து, "நாள் பூரா பையிகிட்டயே ஒக்காந்துருந்தீங்களாண்ணே?" என்றார். சொல்ல வேண்டுமென்று வாய்வரை வந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல மேஸ்திரி என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார். கை கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது. போன வாரமும் அங்கேதான் நின்றது என்றார். இன்னொரு முறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கப்பில் சாய்ந்தது போலவே இடது பக்கம் சாய்ந்தேன். கை கொஞ்சம் ஏறியது.

"என்னாத்துக்குய்யா சாயிற?"

"ஒண்ணுமில்லீங்க."

"நேரா நின்னு தொட்டாத்தான் அடுக்க முடியும். அடுத்த வாரம் பாக்கலாம்."

சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு தனியாகப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்று, மறுபடியும் சாய்ந்து தூக்கினேன். இரண்டு விரல் மீதி இருந்தது.