அக்காவுக்குக் கொடுத்த ரத்தம்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்க வருவதற்கு முன் நான் மங்களூரில் கட்டட வேலை பார்த்தேன். அங்கே மலேரியா வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கிடங்குக்குப் பக்கத்துச் சுள்ளிக்கலில் குடியிருக்கும் அக்காவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. ரத்தம் நிறையப் போய்விட்டது. ஓ நெகட்டிவ் எங்கும் கிடைக்கவில்லை. எனக்கும் அதே வகைதான். படிவத்தைப் படித்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள்: "சேட்டா, ஈயடுத்து மலேரியா வந்நிட்டுண்டோ?"

"சமீபத்துல மலேரியா எதுவும் வரலை" என்றேன். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளியே அத்தான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் தம்பி ரத்தம்தான் உள்ள ஓடுது" என்று சொல்லிச் சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவளைக் குளிர் தூக்கிப் போட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. தையலில் சீழ் இல்லை. டெங்கு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. அவள் வெளியூர் எங்கும் போகாததால் மலேரியாவை யாரும் நினைக்கவில்லை. மாற்றி மாற்றி ஊசி போட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல் கிட்டிக்க நடுங்கினாள். அது எனக்குத் தெரிந்த நடுக்கம். கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு வராந்தாவில் போய் நிற்பேன். நாளைக்குக் குறைந்துவிடும் என்று நினைத்தே ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் நாள் அக்கா, அத்தானைப் பார்த்து யாரென்று கேட்டாள். நான் டாக்டரின் அறைக்கு ஓடி, மறைத்ததைச் சொன்னேன்.

"நேரத்தே பறஞ்ஞிருந்நெங்கில்..." என்று, முன்னாடியே சொல்லியிருந்தால் என்பதுபோல் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார். அன்று மாலையே பரிசோதனையில் மலேரியாக் கிருமி தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள். எனக்கும் சோதித்து மாத்திரை கொடுத்தார்கள்.

அவளுக்கு நினைவு தெளிந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரத்தம் கொடுக்கறப்ப மறைச்சே. சரி, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். "காய்ச்சல் வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?"

"சந்தேகம் வந்துச்சுக்கா."

"எத்தனை நாளு?"

"ஆறு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் என்று அத்தான் போன் செய்தார். போட்டது போட்டபடி ஓடினேன்.

"வெறும் சளிதான்டா. சாயா குடிச்சிட்டு வேலைக்குப் போ" என்றாள்.

சாயாவைக் குடித்தேன். வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.